புன்னைக்காயல் முகத்துவாரம்

போன அமாவாசையன்று புன்னைக்காயல் போயிருந்தேன். பொதிகையிலிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் நம்ம தாமிரபரணி, கடைசியில் இங்கே கடலில் கலக்கும் இடத்தில் மணல் திட்டோடு மல்லுக்கட்டுகிறது. அலை கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டு வந்து முகத்துவாரத்தை அடைக்கப் பார்க்கும். ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும்போது உள்ளே புகுந்த தண்ணீர், அது இறங்கும் வற்றத்தில் வேகமாகத் திரும்பி அந்த மணலை அரித்து வழி திறக்கும். ஆனால் மன்னார் வளைகுடாவில் ஓதம் 1 மீட்டர்கூட ஏறுவதில்லை, அதனால் ஐப்பசி கார்த்திகை வெள்ளம்தான் பெரிய வேலையைச் செய்யவேண்டும். கோடையில் ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி வருவது சொற்பம், அப்போது அலையின் கை ஓங்கிவிடும். முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதே அந்தத் தண்ணீர்தான், அதனால் ஆற்றுத் தண்ணீர் கடலில் வீணாகிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். அப்புறம் கொற்கை! பாண்டியரின் முத்துத் துறைமுகம், ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் விலகி, இன்று வயல்களுக்கு நடுவே இருக்கிறது.