இரண்டு பூட்டுத் தானியக் கிடங்கு

எங்கள் கூட்டுறவுத் தானியக் கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைவரிடம், இன்னொன்று கணக்கு எழுதும் என்னிடம். முதலில் எனக்குக் கோபம்தான். என்னை நம்பாமல்தானே இரண்டாவது பூட்டு? இப்போது அது இருப்பதால்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அறுவடை முடிந்ததும் உறுப்பினர்கள் தானியம் போடுவார்கள். கையிருப்பு தீர்ந்த மாதங்களில் தேவைப்படுகிறவர் கடனாக எடுப்பார், அடுத்த அறுவடையில் கொஞ்சம் கூட்டித் திருப்புவார். எலியும் புழுவும் தின்றது அந்தக் கூடுதலில் கழியும். அவ்வளவுதான் தொழில்.

கஷ்டமெல்லாம் மூட்டை வாங்கும்போதுதான். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் தானியத்தோடு காய்ந்த உப்பைப் போட்டு நன்றாகக் குலுக்கி, சிறிது நேரம் வைத்துப் பார்ப்போம். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல். மூட்டை திரும்பிப் போகும். ஒரு வருடம் பெரியப்பாவின் மூன்று மூட்டையை முகதாட்சண்யத்துக்காக வாங்கிவிட்டேன். சில வாரம் கழித்துக் கையை உள்ளே விட்டால் சூடு, பூஞ்சை வாடை. பக்கத்து மூட்டைகளும் போயின. மறுவருடம் அவருடையதைத் திருப்பி அனுப்பினேன். ஒரு மாதம் பேசவில்லை.

1996இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு, உணவுப் பாதுகாப்பு என்றால் எல்லோருக்கும் 'எந்நேரமும்' போதிய உணவு எட்ட வேண்டும் என்றது. அந்த ஒரு சொல்தான் எங்களுக்கும் பிரச்சினை. அறுவடைக்கு மறுநாள் எல்லோர் வீட்டிலும்தான் தானியம் இருக்கும்.

போன வருடம் விலை ஏறியபோது வியாபாரி ஒருவர் மொத்தத்தையும் கேட்டு வந்தார். அதிகம் போட்டிருந்தவர்கள் விற்கலாம் என்றார்கள். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன், மறைப்பானேன். ஆனால் எத்தனை மூட்டை போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கூட்டுறவுக் கடை திறந்தவர்கள் கடைப்பிடித்த அதே விதி. தோற்றோம். ஐந்து மாதம் கழித்துக் கடன் பதிவேட்டில் என் பெயரை நானே எழுதினேன், இரண்டு மூட்டை.

இப்போது புதுச் சண்டை. தலைவர் வெளியூர் போய் இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. வாசலில் காலிச் சாக்கோடு நின்றவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். வரும் கூட்டத்தில் மூன்றாவது ஆளுக்கு மாற்றுச் சாவி கேட்கப்போகிறார்கள். பதிவேடும் அவர் கையிலேயே இருக்காது என்றால் சரி, கொடுக்கலாம்.