வாடகை வீட்டில் ஒரு தையல் மிஷின்

வீடு பார்க்கப் போனால் எல்லாரும் தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள். நான் முதலில் ஜன்னலைப் பார்ப்பேன், அப்புறம் கரண்ட் மீட்டரை. பிளவுஸ் தைத்துப் பிழைக்கிற எனக்கு வீடுதான் கடை. மதுரை வில்லாபுரத்தில் இப்போது இருக்கும் மாடி போர்ஷனையும் அப்படிப் பார்த்துத்தான் பிடித்தேன்.

ஜன்னல் எதற்கென்றால், நூல் கலருக்கு. டியூப்லைட் வெளிச்சத்தில் மெரூன் எது, அரக்கு எது என்று தெரியாது. ஜன்னலோரம் பட்டுத்துணியை விரித்து நூல்கண்டை அதன் மேல் வைத்துப் பார்த்தால்தான் சேருகிறதா என்று சொல்ல முடியும். கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் பிளவுஸில் நூல் கலர் ஒரு சாயல் தள்ளிப்போனாலும் போட்டோவில் காட்டிக்கொடுத்துவிடும்.

மொட்டை மாடியும் வேண்டும். காட்டன் லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி நின்றுகொண்டு, தையல் ஓரமெல்லாம் இழுத்துக்கொள்ளும். தினமும் நாலு பக்கெட் தண்ணீர், ஒரு கொடி நிறைய துணி. 'கொடி எங்களுக்கு மட்டும்' என்று சொல்லும் வீட்டில் இந்தத் தொழிலை நடத்தவே முடியாது.

மீட்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டு ஓனர்கள் பயப்படுவது இதற்குத்தான். தையல் என்றதும் மிஷின் ஓடி கரண்டைக் குடித்துவிடும் என்று நினைக்கிறார்கள். என் மிஷின் மோட்டார் 100 வாட்ஸ். அதுவும் பெடலைக் காலால் அழுத்தும்போது மட்டும்தான் ஓடும். உண்மையில் கரண்ட் இழுப்பது அயர்ன் பாக்ஸ். 750 வாட்ஸ் பெட்டி இரண்டு மணி நேரம் சூடாகவே இருந்தால் ஒன்றரை யூனிட். மிஷின் ஆறு மணி நேரம் விடாமல் ஓடினாலும் முக்கால் யூனிட்டைத் தொடாது. தனி சர்வீஸ், அதாவது தனி மின் இணைப்பு, இருக்கும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்குள் அயர்ன் பாக்ஸ் செலவு முக்கால்வாசி அடங்கிவிடும். சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இத்தனை என்று ஓனரே வசூலிக்கும் வீட்டில் அந்த இலவசம் நம் கைக்கு வராது. வாடகையில் ஐந்நூறு குறைவு என்று போய், கரண்டில் அதற்கு மேல் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஓனர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடக்கிறது என்று அதிகாரிகள் முடிவு செய்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில், அந்த வியாபாரத்துக்கு உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட முடியும். இணைப்பு தன் பேரில் இருப்பதால் ஓனருக்கு அந்தப் பயம். மாநகராட்சி சொத்து வரியும் வணிகக் கட்டடத்துக்கு அதிகம். அதனால்தான் எந்த ஓனரும் போர்டு மாட்ட விடுவதில்லை. நான் போர்டே கேட்பதில்லை. லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன்.

ஆனால் தொழிலை மறைத்து வீடு பிடிப்பது எனக்குச் சம்மதமில்லை. முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். இந்த வீட்டு ஓனரம்மா, "தையலா? ஆளுக வந்துக்கிட்டே இருப்பாகளேம்மா" என்றார். "பத்து மணிக்கு முன்னாடியும் ஏழு மணிக்கு மேலயும் யாரும் வரமாட்டாகம்மா, எல்லாம் பொம்பளையாளுகதான்" என்றேன். மிஷின் காலுக்கடியில் தடித்த ரப்பர் ஷீட் போடுவேன், கீழே அதிராது என்றும் சொன்னேன். போட்டும் காட்டினேன்.

அடுத்த கேள்வி, "எங்க வேலை பாக்குறீக?" என் வீட்டுக்காரர் சொந்த வண்டி ஓட்டுகிறார். இரண்டு பேரிடமும் சம்பளச் சீட்டு கிடையாது. மாதச் சம்பளக்காரருக்கு இருக்கும் மரியாதை வீட்டு வேட்டையில் எங்களுக்குக் கிடைப்பதில்லை, இது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். சிறுதொழில் செய்கிறவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் உத்யம் பதிவுச் சான்றையும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்டையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்திருக்கிறேன். உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆன்லைனிலேயே முடிந்துவிடும். ஐந்நூறும் எழுநூறுமாக ஜிபேயில் விழுந்த வரிசையைப் பார்த்துத்தான் ஓனரம்மாவின் மகனுக்கு நம்பிக்கை வந்தது.

ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 'குடியிருப்பவர் வீட்டில் இருந்தபடி வேலையாள் வைக்காமல் தையல் தொழில் செய்துகொள்ள உரிமையாளருக்குச் சம்மதம்.' தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். வீட்டைத் தவறாகப் பயன்படுத்தினால் காலி செய்யச் சொல்ல அதில் இடமுண்டு. ஆகவே இந்த ஒரு வரி எனக்குப் பெரிய காவல். வாடகைத் தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ ஓனர் நிறுத்தக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. வீட்டில் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட வலிப்பது வீடு மாறுவதுதான். தையல் ஆர்டர் மந்தமாக இருப்பது ஆடி முன்பாதியும் மார்கழியும். நிதானமாகச் சாமான் கட்ட நேரம் இருக்கும் மாதங்கள் அவைதான், ஆனால் அந்த மாதங்களில் நம் ஊரில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். ஆவணியிலும் தையிலும்தான் மாற வேண்டும். முகூர்த்தத் துணிகள் மலையாகக் குவிந்து கிடப்பதும் அப்போதுதான். ஜெய்ஹிந்த்புரத்திலிருந்து இங்கே வந்தது ஒரு தை மாதம். அடுப்பைப் பொருத்துவதற்கு முன்னால் மிஷினைப் பொருத்தி, பெயர் எழுதி ஊசி குத்திய துணிப்பைகளைக் கட்டில் மேல் அடுக்கி, இரவெல்லாம் கொக்கி வைத்தேன். தூரம் ஒன்றும் அதிகமில்லை. இருந்தும் நடந்தே வந்து அளவு ஜாக்கெட் கொடுத்துப் போன பழைய தெரு அக்காமார் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். சம்பளக்காரர் வீடு மாறினால் வேலை அவர்கூடவே வரும். எங்களுக்கு வாடிக்கை அந்தத் தெருவிலேயே தங்கிவிடுகிறது.

அப்பாவும் தையல்காரர்தான். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தில் தூணோரம் மிஷின் போட்டிருந்தார். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேஷக்காரர்களின் உடுப்புக்குச் சிவப்பும் பச்சையுமாகத் துணி வெட்டிக்கொண்டே இருப்பார். அதுவும் வாடகை இடம்தான். ஆனால் 'புதுமண்டபம்' என்று சொன்னால் போதும், எந்த ஊர்க்காரரும் அவரைத் தேடி வந்துவிடுவார்கள். அந்தக் கடைகளையும் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

என் ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான். புதுப்பிக்கும் நேரம் வருகிறது. மூன்று வருஷத்துக்கு எழுதித் தாருங்கள், வருஷத்துக்கு ஐந்து சதவீதம் நானே கூட்டித் தருகிறேன், காலி செய்யச் சொல்வதாக இருந்தால் மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள், அது தையிலும் ஆவணியிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஓனரம்மாவிடம் கேட்டிருக்கிறேன். மகனிடம் பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சரி என்றால் சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு கடன் கேட்கப் போகிறேன், அதில் 50,000 வரை தருகிறார்கள். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஒன்று வாங்கி இந்த வீட்டு வராந்தாவில் போட வேண்டும். பிளக் பாயிண்ட் எங்கே வைக்கலாம் என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டேன்.