பூட்டனைத் தேடாதீர்கள், கங்காணியைத் தேடுங்கள்

இலங்கை மலையகத்தில் தோட்டத்துக்கு வந்த குடும்பக் கதை தேட இறங்குகிறவர்கள் முதலில் செய்வது, பூட்டன் பேரைக் கையில் வைத்துக்கொண்டு எங்காவது பட்டியல் இருக்குமா என்று பார்ப்பதுதான். கோப்பிக் காலத்து ஆளென்றால் அநேகமாக இருக்காது. 1820களில் கம்பளைப் பக்கம் தோட்டம் போட்டதிலிருந்து, 1869இல் இலைநோய் வந்து கோப்பி படுக்கிற வரைக்கும், தொண்டி மண்டபம் பக்கமிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே வந்த சனத்தைத் தலை எண்ணித்தான் எழுதினார்கள். வழியில் பேதியிலும் காய்ச்சலிலும் போனவர்களுக்கு அந்த எண்ணிக்கைகூட ஒழுங்காக இல்லை. வெள்ளைத் துரைமாரின் கல்லறை எழுத்துகளையோ 1913லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார்கள்!

கனடாவில் இருக்கும் மச்சான் ஒருநாள் சொன்னான், அவனோடு வேலை செய்கிற அமெரிக்கர் ஒருவர், 1862 குடியிருப்புச் சட்டத்தில் மேற்கே போய் 160 ஏக்கர் எடுத்த தன் பூட்டனின் காணி மனுவையே ஆவணக் காப்பகத்தில் வாங்கிவிட்டாராம். எனக்குப் பொறாமைதான். ஆனால் அதே நாட்டில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்கு 1850, 1860 கணக்கெடுப்புகளில் பேர் கிடையாது, முதலாளியின் பேருக்குக் கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம் போன்ற விவரம்தான். 1870இல்தான் அவர்கள் எல்லாருக்கும் பேர் வந்தது. அதனால் அவர்கள் பிள்ளைகள் முதலாளி பேரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறார்கள். நம்ம கதை அதுவல்ல, ஆனால் அந்த வழி நமக்கும் பொருந்தும் என்று பட்டது.

தோட்டத்துக் கணக்கில் பேரோடு இருப்பவர் பெரிய கங்காணி, அதாவது ஊரிலிருந்து ஆள் பிடித்துக் கூட்டி வந்து அவர்களை வேலை வாங்கியவர். ஆளுக்கு இவ்வளவு என்ற தலைக்காசு அவருக்குத்தான் போகும், முற்பணக் கடன் அவர் வழியாகத்தான் வரும், ஒரு கூட்டம் தோட்டம் மாறினால் கடனைக் கட்டினால் ஆட்களை விடுவதாக எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ச் சீட்டும் அவர் ஆட்களின் பேரில்தான் (1921இல்தான் அந்தத் துண்டுமுறையை ஒழித்தார்கள்). இன்னொன்று, கங்காணி ஆள் பிடித்தது பெரும்பாலும் சொந்த ஊரில், சொந்த சாதிசனத்தில். அவர் ஊர் தெரிந்தால் நம்ம ஊர் பாதி தெரிந்த மாதிரி.

சரி, கங்காணி பேர் எங்கே கிடைக்கும்? எங்கள் வீட்டில் கிடைத்தது பிரஜாவுரிமைக் காகிதங்களில். 1948 சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கிய பிறகு, 1949 சட்டத்தின்படி மனுப்போட்டவர் 1946க்கு முன்னால் தொடர்ந்து ஏழு வருஷம், கல்யாணமாகாதவர் பத்து வருஷம், இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். தாத்தா அதற்காகத் தோட்டத்து ஆபீசில் வாங்கிய கடிதத்தில், எந்த டிவிஷன், எந்தக் கங்காணியின் செக்ரோல் (வேலையாட்களின் பேர்ப் பதிவேடு) என்று இருந்தது. நம்மைத் துரத்தப் போட்ட சட்டம் நமக்கே ஆவணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறது, அதற்காக நன்றி சொல்ல நான் தயாரில்லை. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அப்படி ஏதாவது இருந்தால் லெமினேட் பண்ணாதீர்கள், முதலில் படம் எடுத்து வையுங்கள்.

மீதி இருந்தது தமிழ்நாட்டில், நீலகிரிப் பக்கம் கோத்தகிரியில். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தபோது தாத்தாவின் தம்பி குடும்பம் அந்தப் பக்கம் போனது. சித்தப்பாவிடம் போனில் கங்காணி பேரைச் சொன்னதும், "அவுகளா? நம்ம ஊருக்காரவுகதானப்பா, முசிறிக்கு மேற்கால. கும்புடுற சாமியும் ஒண்ணுதான்" என்றார். அப்பாயி "திருச்சிப் பக்கம்" என்பதற்கு மேல் ஒருநாளும் சொன்னதில்லை!

கங்காணியின் பேரை இங்கே போடவில்லை, வாரிசுகள் இருக்கிறார்கள், அவர்களிடம் பழைய கணக்குப் புத்தகம் ஏதும் இருக்கிறதா என்று ஆள் வைத்துக் கேட்டிருக்கிறேன். அப்புறம் பெர்குசன் டைரக்டரி என்ற, தோட்டங்களைப் பட்டியல் போட்ட பழைய சிலோன் கையேட்டின் பதிப்புகளில் எங்கள் தோட்டம் எந்த வருஷம் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு ஆங்கிலப் பேர் ஒன்று, நம்ம சனம் சொல்லும் பேர் வேறு என்பதால், போவதற்கு முன் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.