ஸ்பெயினில் இனிஷியலுக்கு இடமில்லை: இரண்டு குடும்பப் பெயரோடு வாழ்வது எப்படி

ஸ்பெயினில் எந்த அரசு விண்ணப்பத்தைக் கையில் எடுத்தாலும் மேலே மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் அப்பெயிதோ, இரண்டாவது அப்பெயிதோ, நோம்ப்ரே. அப்பெயிதோ என்றால் குடும்பப் பெயர். நோம்ப்ரே என்றால் உங்களுக்கு இட்ட பெயர். இந்த ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு அப்பெயிதோ உண்டு. நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும்தான். மு. செல்வம் என்ற பெயரை இந்த மூன்று கட்டத்தில் எப்படி நிரப்புவது என்பதை வந்த முதல் வாரமே முடிவு செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் வேறு யாரோ ஓர் அலுவலர் உங்களுக்காக முடிவு செய்துவிடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவர்களும் ஒரு காலத்தில் நம் வழிதான். எல் சித் என்று புகழ்பெற்ற வீரர் ரொட்ரிகோ தியாஸ் 1099-ல் இறந்தார். அவர் பெயரில் உள்ள தியாஸ், 'தியேகோவின் மகன்' என்பதைச் சொல்கிறது. அப்பா தியேகோ லாயினெஸ், அதாவது லாயினின் மகன். எல் சித்தின் மகனோ தியேகோ ரொட்ரிகெஸ். தலைமுறைக்குத் தலைமுறை பின்னொட்டுப் பெயர் மாறிக்கொண்டே வந்தது. நம் இனிஷியலேதான், முன்னால் நிற்காமல் பின்னால் நின்றது. பிறகு மெல்ல மெல்ல அது உறைந்துபோனது. எந்தத் தலைமுறையில் நின்றதோ அந்தத் தாத்தாவின் பெயரே வம்சம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. 1870-ல் வந்த குடிமைப் பதிவுச் சட்டம் இரண்டு பெயர் முறையைக் காகிதத்தில் கெட்டியாக்கியது.

ஆகவே 'எஸ்' என்று முடியும் பெயரைக் கேட்டால் உள்ளே ஓர் அப்பாவைத் தேடலாம். ஃபெர்னாண்டெஸில் ஃபெர்னாண்டோ, கொன்சாலெஸில் கொன்சாலோ, மார்ட்டினெஸில் மார்ட்டின், சாஞ்செஸில் சாஞ்சோ, பெரெஸில் பெத்ரோ. லோபெஸில் இருப்பவர் லோபே. அந்தப் பெயர் ஓநாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எல்லாப் பெயரும் இப்படி அல்ல. எர்ரெரோ கொல்லர், சப்பத்தேரோ செருப்புத் தைப்பவர், மொரேனோ மாநிறத்தவர், நவார்ரோ நவார்ரா நாட்டுக்காரர்.

இந்த நாட்டின் முதலிடப் பெயர் கார்சியா. இதை முதல் அப்பெயிதோவாகக் கொண்டவர்கள் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். வட ஸ்பெயினின் பாம்ப்லோனாவை ஆண்ட மன்னர்கள் முதல் ஊர் மக்கள் வரை இது முதலில் ஆளின் பெயராகத்தான் இருந்தது. பின்னொட்டு எதுவும் சேராமல் அப்படியே குடும்பப் பெயரானது. பொருள் உறுதியாகவில்லை. பாஸ்க் மொழியில் கரடியைக் குறிக்கும் 'ஹார்ட்ஸ்' என்பார்கள் சிலர். இளமையைக் குறிக்கும் 'காஸ்தே' என்பார்கள் வேறு சிலர். கரடிதான் அதிகம் சொல்லப்படுகிறது. மாட்ரிட் பக்கம் உச்சரிப்பு கார்சியா அல்ல, கார்த்தீயா. 'தீ'யில் அழுத்தம், நாக்கு நுனி பல்லுக்கிடையில். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் இந்தக் குரல் வந்தால், கார்த்தி என்று பெயருள்ள நம்மவர் ஒருவர் எழுந்து நிற்கக்கூடும்.

இவ்வளவு பேருக்கு ஒரே பெயர் இருப்பதால்தான் இரண்டாவது பெயர் இங்கே அலங்காரம் அல்ல. கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவை ஊரே லோர்கா என்றுதான் அழைக்கிறது. முன்னாள் பிரதமர் ரொட்ரிகெஸ் சப்பத்தேரோவும் வெறும் சப்பத்தேரோதான். ஓவியர் பாப்லோ ரூயிஸ் பிக்காசோவுக்குப் புகழ் சேர்ந்தது அம்மா வழிப் பெயரில்.

இனி நம் சங்கதி. இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் புறப்படும் முன்பே அதை நிரப்பி வாங்கிவிடுங்கள். 'செல்வம் முருகன்' முழுவதும் கிவன் நேமில் கிடந்தால், ஓர் அலுவலகம் முழுவதையும் அப்பெயிதோவில் தூக்கிப்போடும். இன்னொன்று 'செல்வம்' அப்பெயிதோ, 'முருகன்' நோம்ப்ரே என்று திருப்பிப்போடும். சரியான பிரிப்பு, அப்பா பெயர் 'முருகன்' சர்நேமிலும் 'செல்வம்' கிவன் நேமிலும் இருப்பது. அதன் பின் உங்களை எல்லோரும் 'செஞோர் முருகன்', அதாவது திரு. முருகன் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தால் டோக்கன் போய்விடும். மரியாதைக்கு 'தோன்' போட்டால் மட்டும் இட்ட பெயர் வரும்: தோன் செல்வம்.

தூத்துக்குடி, மன்னார் பக்கத்தவர்களுக்கு வேறு சிக்கல். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு வந்த ஃபெர்னாண்டோ அங்கே குடும்பப் பெயர். இங்கே அது இட்ட பெயர். 'அந்தோணி ஃபெர்னாண்டோ' என்று சொன்னால், 'சரி, அப்பெயிதோ எங்கே?' என்பார்கள். பாஸ்போர்ட்டின் சர்நேம் வரியை விரலால் தொட்டுக் காட்டுவதே வேகமான பதில். இன்னொன்று: போர்த்துக்கீசிய முறையில் அம்மா பெயர் முன்னும் அப்பா பெயர் கடைசியிலும் வரும். பிரேசில்காரர் யாராவது காட்டிய வழியில் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள்.

இரண்டாவது கட்டத்துக்கு எதுவும் இல்லையென்றால் காலியாக விடுங்கள். சில இணையப் படிவங்கள் விடாது. அங்கே புள்ளியோ கோடோ போட்டுத் தப்பிக்கிறார்கள். ஆனால் அந்தப் புள்ளி உங்கள் பெயரின் பகுதியாகவே பதிவில் ஏறிவிடும். வங்கியில் ஏறினால் பரவாயில்லை, சமூகப் பாதுகாப்பில் ஏறினால் தொல்லை. இணையத்தில் அரசு வேலைகளுக்கு உங்கள் அடையாளமாக நிற்கும் டிஜிட்டல் சான்றிதழை எடுக்கும்போது இது தெரியும்: வெளிநாட்டவர் எண்ணான நியேயையும் முதல் அப்பெயிதோவையும் கேட்பார்கள். காவல்துறைப் பதிவில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் நகராது. திருத்தம் செய்வதென்றால் வரிசை முக்கியம்: பாஸ்போர்ட், பிறகு நியே அட்டை, பிறகு நகராட்சியின் பத்ரோன் எனும் குடியிருப்போர் பதிவு, சமூகப் பாதுகாப்பு, வரித்துறை, கடைசியில் வங்கி. நடுவிலிருந்து தொடங்கினால் மேலே இருப்பது மறுபடி கீழே உள்ளதைப் பழையபடி மாற்றிவிடும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே திருமணத்தால் பெயர் மாறுவதில்லை. கல்யாணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சர்நேமாக்கியவர்களுக்குச் சிக்கல் இன்று வராது. குடியுரிமை பெறும் நாளில் வரும். நம்மவர்களுக்குப் பொதுவாக 10 ஆண்டு சட்டபூர்வ வசிப்புக்குப் பிறகே அந்த விண்ணப்பம். ஸ்பானியப் பதிவேடு கணவரைப் பார்க்காது, பிறப்புச் சான்றிதழைத்தான் பார்க்கும். அதில் உள்ள அப்பா, அம்மா பெயர்களிலிருந்து இரண்டு அப்பெயிதோ உருவாகும். அம்மாவின் பெயர் வெறும் 'லட்சுமி' என்று இருந்தால் நீங்கள் 'முருகன் லட்சுமி' ஆகலாம். இல்லையேல் ஒரே பெயரை இரட்டித்து 'முருகன் முருகன்'. உள்ளூரில் 'கார்சியா கார்சியா'க்கள் நிறையப் பேர் இருப்பதால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பழைய பெயரையே வைத்துக்கொள்ள விரும்பினால் உறுதிமொழி எடுக்கும்போதோ, குடியுரிமை பெற்ற 2 மாதத்துக்குள்ளோ அதை அறிவிக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுப் புலம்புபவர்கள்தான் அதிகம். பிறப்புச் சான்றிதழுக்கு இந்தியாவில் அப்போஸ்டில் எனும் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான சான்று முத்திரையும், இங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் பெயர்ப்பும் தேவை. அந்த மொழிபெயர்ப்பில் பெற்றோர் பெயர் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.

பெயரும் எண்ணும் மாறிய பின் பழைய நியேக்காரரும் புதிய அடையாள அட்டைக்காரரும் ஒருவரே என்று காவல்துறை தரும் சான்று ஒன்று உண்டு: 'செர்த்திஃபிகாதோ தெ கொன்கோர்தான்சியா'. அட்டை வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். வங்கிக் கடன், ஓட்டுநர் உரிமம், பட்டச் சான்றிதழ் எல்லாம் பழைய பெயரில்தானே கிடக்கின்றன.

பெற்றோரில் ஒருவர் ஸ்பானியக் குடிமகனாக இருந்து குழந்தை பிறந்தால், எந்த அப்பெயிதோ முன்னால் என்பதைப் பிரசவ ஆஸ்பத்திரியிலேயே கேட்பார்கள். அங்கிருந்தே பதிவு செய்ய 72 மணி நேரம் உண்டு. 2017-லிருந்து அப்பா பெயர் தானாக முன்னால் வருவதில்லை. இருவரும் ஒத்துப்போகாவிட்டால் பதிவாளர் 3 நாள் கெடு தருவார், பிறகு அவரே முடிவு செய்வார். இட்ட பெயரில் தனிப்பெயர் இரண்டுக்கு மேல் கூடாது. குலதெய்வம், தாத்தா, நட்சத்திரம் மூன்றையும் நுழைக்க முடியாது. முதல் குழந்தைக்கு வைத்த அப்பெயிதோ வரிசையே அதே பெற்றோரின் அடுத்த குழந்தைகளுக்கும்.