உடுப்பி பக்கம் ஒரு நாகமண்டலம்: விடிய விடிய பார்த்தேன்

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் ஆட்டத்தைச் சொல்லாமல் பஸ்ஸைப் பற்றி எழுதக் கை வரவில்லை. துளு நாட்டில் நாக தோஷம் நீங்க, குழந்தை வரம் வேண்டி, குடும்பங்கள் நேர்ந்துகொண்டு நடத்துகிற பூஜை நாகமண்டலம். பந்தலுக்கு நடுவே தரையில் பெரிய பாம்புக் கோலம். மஞ்சள், மஞ்சளில் சுண்ணாம்பு கலந்த சிவப்பு, இலைப் பொடியின் பச்சை, கருக்கிய உமியின் கறுப்பு, வெள்ளை என்று ஐந்தே நிறம்தான். முழு மண்டலத்தில் பாம்பின் உடல் 16 முடிச்சாகப் பின்னிக் கிடக்கும், வசதி குறைந்தால் 8, இல்லை 4.

ராத்திரி நன்றாக ஏறிய பிறகுதான் ஆட்டம். நாகபாத்ரி என்கிற பிராமணர் மேல் நாகம் இறங்குகிறது. கொத்துக் கொத்தாகக் கமுகம்பூவை முகர்ந்து, முகத்திலும் மார்பிலும் அப்பிக்கொண்டு அப்படிச் சிலிர்க்கிறார். எதிரே அர்த்தநாரி வேடத்தில் வைத்யர் (மருத்துவர் இல்லை, இந்தப் பூஜையில் பாடி ஆடுபவருக்கு அங்கே அந்தப் பெயர்), கையில் டக்கெ, நம் உடுக்கை மாதிரிதான். அவர் பாடிக்கொண்டே கோலத்தைச் சுற்றிப் பின்வாங்க, பாத்ரி உடலை வளைத்து நெளிந்து துரத்த, தாளம் ஏற ஏற எனக்கு உட்காரவே முடியவில்லை. காசு கொடுத்துப் பார்த்த எந்த மேடை நடனமும் இதன் கிட்டே வராது. இதற்கு டிக்கெட்டும் கிடையாது! முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்று மறைத்தவர்கள் மேல்தான் கோபம், பூஜை நடக்கிற இடம் என்ற நினைப்பே இல்லை.

மதியச் சாப்பாடும் இலவசம். வாழை இலையில் மட்டுகுள்ளா கத்திரிக்காய் போட்ட குழம்பு, உருண்டையாகப் பச்சை நிறத்தில் இருக்குமே, அதுதான். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன், அப்புறம் பாயசம்.

மிச்சமான காசெல்லாம் ஆட்டோவுக்குப் போனது. விடியற்காலை ஊர் திரும்ப, போகும்போது கொடுத்ததைப் போல மூன்று மடங்கு கேட்டார் ஒருவர், பேரம் பேசியும் இறங்கவில்லை. இது பகல் கொள்ளைதான். பெங்களூரிலிருந்து வந்த ஸ்லீப்பர் பஸ்ஸோ அதைவிட மோசம், ஷிராடி மலைப்பாதை முழுக்க ஏசி தண்ணீர் தலையில் சொட்டியது. ரயிலில் போங்கள்.

பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மழைக்கு முன்பு வரைதான் நடக்கும். தேதியைச் சாலையோர பேனர்களில் பார்க்கலாம், தங்குமிடத்தில் கேட்டாலும் சொல்வார்கள். திரும்பும் வண்டிக்கு மட்டும் முன்னாலேயே பேசி வைத்துவிடுங்கள்.