15 வயது காரும் ஒரு புகை டெஸ்டும்

எங்கள் வீட்டுக் கார் 2010 கடைசியில் நாகர்கோவிலில் பதிவான சின்ன பெட்ரோல் வண்டி. வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். 15 வருடம் முடிந்ததால் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும், அதற்குப் புகைச் சான்றிதழ் தேவை என்று டெஸ்டுக்குப் போனால் வண்டி தேறவில்லை. கார்பன் மோனாக்சைடு 1.9 சதவீதம். எங்களுடையது போன்ற பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதிகளில் மூன்றாம் நிலை) பெட்ரோல் காருக்கு வரம்பு 0.5. ஹைட்ரோகார்பன் மட்டும் 750 பி.பி.எம்.முக்குள் அடங்கியிருந்தது.

2010-இல் பி.எஸ்.4 சென்னை உட்பட 13 நகரங்களில்தான் கட்டாயமானது. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அதனால் நம் குமரி மாவட்டத்தில் அந்தக் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் தங்களுடையது எந்த ரகம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. பி.எஸ்.4 என்றால் வரம்பு கார்பன் மோனாக்சைடுக்கு 0.3-உம் ஹைட்ரோகார்பனுக்கு 200-உம், சான்றிதழும் ஒரு வருடம் செல்லும். எங்களுக்கு ஆறு மாதம்தான்.

சேதி பரவியதும் ஆளாளுக்கு யோசனை. "பேசாம குடுத்துரு மச்சான், திருவனந்தபுரத்துல நல்ல வண்டி கெடக்கு" என்றான் மார்த்தாண்டத்தில் இருக்கும் என் மைத்துனன். காரைக் கொண்டுவராமலே சர்டிபிகேட் வாங்கிவிடலாம் என்று காதோடு சொன்னவர்களும் உண்டு. அது எனக்கு ஒத்துவராது. என்ன கோளாறு என்று தெரியாமல் வண்டியை விற்கவும் மனசில்லை.

முதலில் காட்டிய வொர்க்‌ஷாப்பில் சைலன்சரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கேட்டலிடிக் கன்வர்ட்டர் போய்விட்டது, புதிது 40,000 ஆகும் என்றார்கள். இல்லாவிட்டால் உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டித் தருவார்களாம். கார்பன் மோனாக்சைடை எரித்துக் குறைப்பதே அந்தக் கன்வர்ட்டர்தான். அதை எடுத்துவிட்டு டெஸ்டில் எப்படித் தேறுவது? உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருப்பதால் பழையதற்கும் நல்ல விலை உண்டு என்பதை அவர்கள் சொல்லவில்லை.

அப்புறம் திங்கள்சந்தையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சர் வாயில் ஈரத்துணியைச் சுருட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். முன்பக்கம் எங்கோ 'த்ஸ்ஸ்' என்று காற்று போகும் சத்தம். சோப்புத் தண்ணீரைத் தெளித்ததும் இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டும் முன்குழாயும் சேரும் இடத்தில் நுரை பொங்கியது. உப்புக்காற்றில் குழாய் அரித்து, இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டும் போயிருந்தது. "பாத்தியளா சாரே, கன்வர்ட்டரக் குத்தம் சொல்லி என்னத்துக்கு?" என்றார்.

காரணம் இதுதான். ஆக்சிஜன் சென்சார் அந்த இணைப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் புகையில் ஆக்சிஜன் கூடுதலாகத் தெரியும். பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று நினைத்து வண்டியின் கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும். அந்தக் கூடுதல் பெட்ரோல் அரைகுறையாக எரிந்துதான் கார்பன் மோனாக்சைடு ஏறுகிறது. எங்கள் வண்டியில் டேஷ்போர்டில் விளக்குகூட எரியவில்லை. மைலேஜ் குறைந்ததற்கு நாங்கள் எத்தனால் கலந்த பெட்ரோல்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் அவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. "பொகைய நான் சரியாக்கித் தாறேன். அடிப்பாகத்தப் பாத்துட்டு மத்தத முடிவு செய்யும்" என்றார். வண்டியைத் தூக்கி ஸ்குரூ டிரைவரால் ஒவ்வோர் இடமாகக் குத்திப் பார்த்தார்: ஜாக்கி வைக்கும் இடம், பின் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம், சீட்டுக்கு அடியில் தரை. இடது பக்கக் கதவுக்குக் கீழே ஸ்குரூ டிரைவர் சதக்கென்று உள்ளே போனது. துரு அப்பளம்போல உதிர்ந்தது. நல்லவேளை, பின் சஸ்பென்ஷன் பக்கம் இரும்பு கெட்டியாக இருந்தது. அங்கே அரித்திருந்தால் அன்றைக்கே விற்பதற்குப் பேசியிருப்பேன். கடலோரத்தில் பழைய காரை வைத்துக்கொள்வதா என்பதைப் புகையைவிட இந்தச் சோதனைதான் தீர்மானிக்கும் என்பது என் கருத்து.

மாற்றுவதையும் யோசிக்காமல் இல்லை. கேரள வண்டி என்றால் அங்கே என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு, மறுபடி வரி. 2018 வெள்ளத்தில் மூழ்கியதா என்ற சந்தேகம் வேறு. நெல்லை, தூத்துக்குடி வண்டிக்கு 2023 டிசம்பர் வெள்ளம். (சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறையை அங்கே யாரும் கழுவுவதில்லை.) புது வண்டி என்றால், 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் 5 முதல் 10 லட்சம் விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டு ஆயுள் வரி 13 சதவீதம். மேலே இன்சூரன்ஸ், கடன் வட்டி. நாங்கள் ஓட்டுவதோ அப்பாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, ஒரு கல்யாணம், ஒரு சாவு. தினமும் திருவனந்தபுரம் போய்வரும் வேலையில் இருந்திருந்தால் யோசிக்காமல் புதிது வாங்கியிருப்பேன்.

முன்குழாய், கேஸ்கெட், சென்சார், பிளக், ஏர் ஃபில்டர், கதவுக்கடியில் தகடு வைத்து வெல்டிங் எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய் ஆனது. டெஸ்டுக்குப் போகுமுன் இருபது நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கச் சொன்னார். கன்வர்ட்டர் சூடேறினால்தான் வேலை செய்யும். கார்பன் மோனாக்சைடு 0.3 வந்தது. போய்விட்டது என்ற கன்வர்ட்டர் நன்றாகத்தான் இருந்தது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரைத் தாளில் அச்செடுப்பதுதான் கொஞ்சம் பாடுபடுத்தியது. துருவில் மறைந்திருந்ததைக் கம்பி பிரஷால் தேய்த்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் கடைசி இரண்டு எழுத்து விழவில்லை. மறுபடி தேய்த்தபிறகுதான் வந்தது. புதுப்பிப்புக் கட்டணம் 5,000, பசுமை வரி தனி. ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. கிடைத்தது.

மெக்கானிக்கிடம் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கொருமுறை புகை டெஸ்டுக்குப் போகுமுன் வண்டியைத் தூக்கி அடியில் குத்திப் பார்க்க வேண்டும். பின் சஸ்பென்ஷன் பக்கம் ஸ்குரூ டிரைவர் இறங்கினால் அதோடு நிறுத்திக்கொள்வோம். அப்போதும் ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடை) எடைக்குப் போடுவதாக இல்லை. அப்படிப் போட்டால் ஆர்.சி. ரத்தாகாமல் என் பேரிலேயே கிடக்கும். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், அடுத்து வாங்கும் வண்டிக்குப் பதிவுக் கட்டணமாவது மிச்சம்.