யூட்டாவில் ஒரு வாக்குச்சீட்டு

சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே ஓர் அலுவலகத்தில், மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களைச் சரிபார்க்கும் மென்பொருளில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். 2012-ல் மார்மனான மிட் ராம்னி குடியரசுக் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்றபோது, என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மார்மன்கள், அதாவது யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பிந்தைய நாள் பரிசுத்தவான்கள்’ சபையைச் சேர்ந்தவர்கள். ‘ஒரு மார்மனை வெள்ளை மாளிகைக்கு அனுப்பலாமா’ என்று நாடே கேட்டது, என் காதில் பக்கத்து இருக்கைக்காரர்களைப் பற்றிய கேள்வியாகத்தான் விழுந்தது.

அது பழைய கேள்வி. ராம்னியின் அப்பா ஜார்ஜ் ராம்னி அதிபர் தேர்தல் களத்தில் இறங்கிய 1967-ல், தகுதி இருந்தாலும் மார்மனுக்கு வாக்களிக்க மாட்டோம் என்று காலப் கருத்துக்கணிப்பில் சொன்னவர்கள் 17 சதவீதம். மகன் நின்ற 2012-ல் 18 சதவீதம். நடுவில் ஒரு கறுப்பினத்தவர் அதிபராகவே ஆகிவிட்டார், இந்த எண் மட்டும் நகரவில்லை. டாலஸ் நகரத்து பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ் 2011-ல் மார்மன் மதத்தை ‘கல்ட்’ (போலி மதக் கும்பல்) என்றே வெளிப்படையாகச் சொன்னார். எங்கள் இந்தியர் கூட்டத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ‘ராம்னிக்கு எத்தனை பொண்டாட்டி’ என்று சிரித்தார்கள். பலதார மணத்தை அந்தச் சபை கைவிடுவதாக அறிவித்தது 1890-ல்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு நியூயார்க் மாநிலத்தில் ஒரு குன்றில் தங்கத் தகடுகள் கிடைத்தன, அதிலிருந்து வந்ததுதான் தங்கள் வேதம் என்பது மார்மன்களின் நம்பிக்கை. யானைத் தலையுள்ள கடவுளைச் சவுத் ஜோர்டன் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருகிற நான், அதை எந்த வாயால் கேலி செய்வது? நம் பக்கமும் இது திரும்பத்தான் செய்தது. தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்தில் வந்த இந்து, குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளராக முயன்ற விவேக் ராமசுவாமியிடம், 2023 டிசம்பரில் அயோவாவில் ஒரு வாக்காளர் எழுந்து, உங்கள் மதம் இந்த நாட்டை நிறுவியவர்களின் மதம் இல்லையே, நீங்கள் எப்படி அதிபராக முடியும் என்ற தோரணையில் கேட்டார். ராமசுவாமியின் அரசியலோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. எந்தப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஆறாவது பிரிவு சொல்கிறது. அது அரசைத்தான் கட்டுப்படுத்தும். வாக்காளரின் மனசுக்குள் நடக்கும் சோதனையை எந்தச் சட்டமும் தடுக்காது.

அப்படியென்றால் மதத்தைக் கணக்கிலேயே எடுக்கக்கூடாதா? அப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் அன்றைய எங்கள் குழுத் தலைவர்.

அவர் தன் பகுதிச் சபைக்கு பிஷப். மார்மன் சபையில் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேலை, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சபை. ஒரு மென்பொருள் ரிலீஸ் இரவில் எல்லோரும் பதற்றத்தில் இருந்தபோது அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, முழங்கால்மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே பேசினார். யாரோ ஒருவருக்கு வேலை போயிருக்கிறது, வீட்டு வாடகை பாக்கி. மாதத்தின் முதல் ஞாயிறு விரதம் இருந்து, சாப்பிடாமல் விட்ட வேளைகளின் பணத்தைச் சபையார் கொடுப்பார்கள். அதிலிருந்து உதவ ஏற்பாடு செய்தார். அப்புறம் வந்து எங்களோடு உட்கார்ந்து விடியும்வரை பிழை தேடினார். அதைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

ராம்னியும் பாஸ்டன் பக்கம் அப்படி பிஷப்பாக இருந்தவர்தான். ஆனால் பிரச்சாரத்தில் பெரும்பாலும் மதத்தைத் தொடாமலே ஒதுங்கிப் போனார். ஆகஸ்டில் டாம்பாவில் நடந்த கட்சி மாநாட்டில்தான் ஒரு வயதான தம்பதி மேடையேறிப் பேசினார்கள்: நிணநீர்ப் புற்றுநோயில் கிடந்த அவர்களுடைய பதினான்கு வயது மகன், உயில் எழுத உதவி கேட்டபோது, ராம்னி மஞ்சள் தாள் நோட்டோடு மருத்துவமனைக்கு வந்து எழுதிக் கொடுத்தாராம். மறுநாள் எங்கள் குழுத் தலைவரிடம் இதைச் சொன்னேன். “அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்” என்றார்.

ஒருவர் எந்தத் தகடுகளை நம்புகிறார் என்பது எனக்கு வேண்டாம். அந்த நம்பிக்கை அவரை எதைச் செய்ய வைக்கிறது என்பது வேண்டும். கடினமான கேள்விகளும் அதில் அடங்கும். கறுப்பின ஆண்களுக்கு அந்தச் சபை குருப்பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1978-ல்தான். அப்போது ராம்னிக்கு 31 வயது. அதுவரை என்ன நினைத்தீர்கள் என்று கேட்பது நியாயம். சபைத் தலைமை அரசாங்கத்தில் கைவைக்கிறதா என்று பார்ப்பதும் நியாயம். 2018-ல் யூட்டா மக்கள் மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கும் பிரேரணையை வாக்களித்து நிறைவேற்றினார்கள். சபை அதை எதிர்த்திருந்தது. சபையும் பேச்சில் உட்கார்ந்து உருவான சமரசச் சட்டத்தை டிசம்பரிலேயே சட்டமன்றம் அதன் இடத்தில் வைத்துவிட்டது. எனக்கு அது கோபத்தைக் கிளப்பியது. ஆனால் அந்தக் கோபம் சட்டமன்ற உறுப்பினர்களின் ஓட்டைப் பற்றியது, அவர்களின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது அல்ல.

அதே 2018-ல் ராம்னி யூட்டாவில் செனட்டுக்கு நின்றார். குடியுரிமை வாங்கியபின் என் கைக்குத் தபாலில் வந்த வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தது. நான் அவருக்குப் போடவில்லை. 2006-ல் மாசசூசெட்ஸ் ஆளுநராக எல்லோருக்கும் காப்பீடு என்று சட்டம் கொண்டுவந்தவர், 2012-ல் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை நீக்குவேன் என்றார். நிராகரிக்கப்பட்ட கிளெய்ம்களைத் தினமும் திரையில் பார்க்கிற எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

2020 பிப்ரவரி 5-ம் தேதி டிரம்ப்மீதான செனட் விசாரணையில் அதிகார துஷ்பிரயோகக் குற்றச்சாட்டுக்கு ராம்னி ‘குற்றவாளி’ என்று வாக்களித்தார். சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக அப்படி வாக்களித்த முதல் செனட்டர் அவர். கடவுள் முன்னால் எடுத்த பிரமாணம்தான் காரணம் என்றார். யூட்டாவின் இன்னொரு செனட்டர் மைக் லீயும் மார்மன். அன்றைக்கே அவர் டிரம்ப்பை விடுவிக்க வாக்களித்தார். மறுநாள் எங்கள் குழுத் தலைவர் ராம்னிமீது எரிச்சலாக இருந்தார். அவர் சபையிலேயே இருக்கும் டெஸ்டிங் குழுப் பெண்மணி, ராம்னியின் அலுவலகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதிவிட்டு வந்திருந்தார். இருவரும் காலை மீட்டிங் முடிந்து வெகுநேரம் வாக்குவாதம் செய்தார்கள்.

2023 செப்டம்பரில், மறுபடி நிற்கப்போவதில்லை என்று ராம்னி அறிவித்தார். நின்றிருந்தால் அந்தப் பிரமாணத்துக்காகவே அவருக்குப் போட்டிருப்பேன். காப்பீட்டு விஷயத்தில் அவரோடு எனக்குள்ள சண்டை அப்படியே இருந்திருக்கும்.